வீட்டின் விலை ஏறுவது ஏன்?

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை என்பதை நாம் இளமையிலேயே பாடமாகக் கற்றிருக்கிறோம். இம்மூன்றனுள் முதலாவதை விளைவிப்பவர் உழவர். இரண்டாவதை நெய்து அளிப்பவர் நெசவாளர். இவ்விதழைப் படிக்கும் அங்கத்தினரிற் பெரும்பாலோர் இவ்விரு கூட்டத்தாருள் ஒருவராகவே இருப்பர். பிறருக்கு உணவும் உடையும் அளிக்கும் நம்மவருக்கு, மூன்றாவது தேவையாகிய உறையுள் மட்டும் எட்டாத உயரத்திற்குச் சென்றுகொண்டிருக்கிறது.

சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் இக்குறை எழாத ஆண்டில்லை. மனை விலை ஏறிவிட்டது என்று ஒருவர் முறையிடுவார். தரகர்களே காரணம் என்று மற்றொருவர் கூறுவார். வெளியூரார் பணத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று வேறொருவர் கூறுவார். இறுதியில் வீட்டுக் கடன் தொகையை உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் ஒன்று நிறைவேறும். இக்கூற்றுகள் ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. ஆயினும் நோயின் காரணத்தை முழுதும் அறியாமல் கொடுக்கும் மருந்து, நோயை வளர்த்துவிடவும் கூடும். ஆதலின், வீட்டின் விலையை ஏற்றவும் இறக்கவும் வல்ல சக்திகள் எவை என்பதை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

கிராக்கியும் வரத்தும்

ஒரு பொருளின் விலை, அதன் கிராக்கிக்கும் வரத்துக்கும் இடையே அமைகிறது என்பதை நம் அங்கத்தினருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாழைத்தார் சந்தையில் குவிந்த நாளில் விலை என்னாகும் என்பதை உழவர் அறிவர். நூல் விலை ஏறும்போது தறி ஏன் நின்றுபோகிறது என்பதை நெசவாளர் அறிவர்.

2023 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. புது விளைச்சல் வந்ததும், செப்டம்பர் மாதத்திற்குள் அவ்விலை சரிந்துவிட்டது. விலை ஏற்றமே உழவரை மேலும் பயிரிடத் தூண்டியது. மிகுந்து வந்த வரத்து விலையை இறக்கியது. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இவ்வியல்பு பெரும்பாலான பண்டங்களுக்கு உண்டு.

வீட்டுக்கு இவ்வியல்பு மிகக் குறைவு. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது காலம். தக்காளிச் செடி சில மாதங்களில் காய்த்துவிடும். வயலாகவோ தரிசாகவோ கிடக்கும் நிலம் மனையாகி, அதில் வீடு எழும்பி, விளக்கு எரிவதற்கோ பல ஆண்டுகள் ஆகும். இரண்டாவது இடம். ஓர் ஊரில் மிகுந்த தக்காளியை லாரியில் ஏற்றி மற்றோர் ஊருக்கு அனுப்பலாம். காலியாகக் கிடக்கும் வீட்டை அவ்விதம் அனுப்ப இயலாது. மூன்றாவதும் முதன்மையானதும் நிலம். வீடு என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள் சேர்ந்த ஒன்று. ஒன்று கட்டடம், மற்றொன்று அது நிற்கும் தரை. செங்கல்லும் சிமெண்டும் வேண்டிய மட்டும் உற்பத்தி செய்யலாம். பேருந்து நிலையத்தையும் பள்ளிக்கூடத்தையும் வேலை கிடைக்கும் இடத்தையும் அடுத்துள்ள தரையை எந்தத் தொழிற்சாலையும் உற்பத்தி செய்வதில்லை.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே அளவும் ஒரே பொருள்களும் கொண்ட இரு வீடுகளை, ஒன்றைத் தொலைவிலுள்ள சிற்றூரிலும், மற்றொன்றை நகரின் எல்லையிலும் கட்டுவோமாயின், கட்டும் செலவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். விற்கும் விலையோ பன்மடங்கு வேறுபடும். அவ்வேறுபாடு முழுவதும் தரையின் விலையே. கட்டடம் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுதாகி மதிப்புக் குறையும் பொருள். ஆகவே, வீட்டின் விலை ஏறுகிறது என்று நாம் கூறும்போது, பெரும்பாலும் அதன் அடியிலுள்ள மண்ணின் விலையே ஏறுகிறது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கிராக்கி எங்கிருந்து வருகிறது?

மக்கள் பெருக்கமே வீட்டுக் கிராக்கிக்குக் காரணம் என்பது பொதுவான எண்ணம். தமிழ்நாட்டுக் கணக்கு அதனினும் நுட்பமான செய்தியைக் கூறுகிறது. 2001 ஆம் ஆண்டில் நம் மாநிலத்தின் மக்கள் தொகை 6 கோடியே 24 லட்சம்; 2011 இல் அது 7 கோடியே 21 லட்சம். பத்தாண்டுகளில் மக்கள் ஏறக்குறைய நூற்றுக்கு 16 வீதம் பெருகினர். அதே பத்தாண்டுகளில் குடும்பங்களின் எண்ணிக்கை 1 கோடியே 41 லட்சத்திலிருந்து 1 கோடியே 84 லட்சமாக, அதாவது நூற்றுக்கு 30 வீதம் உயர்ந்தது. மக்கள் பெருகியதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரைவில் குடும்பங்கள் பெருகின. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த மூன்று சகோதரர்கள் மூன்று கூரைகளைத் தேடினர் என்பதே இதன் பொருள். மக்கள் தொகை சிறிதும் பெருகாவிடினும், கூட்டுக் குடும்பங்கள் பிரியும் வரையில் வீட்டுக் கிராக்கி பெருகிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் தொழில். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே மக்கள் திரள்கின்றனர். பின்னலாடை ஏற்றுமதியால் வளர்ந்த திருப்பூர், சுற்றுப்புறங்களையும் சேர்த்து, 2001 இல் சுமார் ஐந்தரை லட்சம் மக்களைக் கொண்டிருந்தது. 2011 இல் அத்தொகை ஒன்பதரை லட்சத்தைத் தாண்டியது. காஞ்சிபுரத்திற்கும் சென்னைக்கும் இடையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின்னர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பல எழுந்தன. இத்தகைய வளர்ச்சி நாட்டுக்கு நன்மையே. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் அதனால் வேலை கிடைத்துள்ளது. எனினும், தொழிற்சாலைச் சம்பளமும் தறிக் கூலியும் ஒரே மனைக்குப் போட்டியிடும்போது எது வெல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் கடனும் வட்டியும். இதை ஒரு கணக்கால் விளக்குவோம். 20 லட்சம் ரூபாயை 20 ஆண்டுத் தவணையில் கடன் பெறும் குடும்பம், நூற்றுக்கு 9 வட்டியாயின் மாதந்தோறும் சுமார் 18,000 ரூபாய் செலுத்த வேண்டும். வட்டி 7 ஆகக் குறையின், செலுத்த வேண்டியது சுமார் 15,500 ரூபாயே. இஃது அக்குடும்பத்திற்கு ஆதாயம் என்று தோன்றும். ஆனால், மாதம் 18,000 செலுத்த வல்ல குடும்பம் 7 வட்டியில் 23 லட்சத்திற்கு மேல் கடன் பெறக்கூடும் அல்லவா? ஊரில் பத்து மனைகளே இருந்து, அவற்றை நாடும் இருபது குடும்பங்களுக்கும் இவ்விதம் மும்மூன்று லட்சம் கூடுதலாகக் கடன் கிடைத்தால், மனை பதினொன்றாவதில்லை. பத்து மனைகளின் விலைதான் ஏறும். வட்டிக் குறைவின் ஆதாயம் வாங்குவோர் கையிலிருந்து விற்போர் கைக்கு மாறிவிடும்.

ரிசர்வ் வங்கி 2020 மே மாதத்தில் தன் ரெப்போ வட்டியை 4 சதவிகிதமாகக் குறைத்தது. 2023 பிப்ரவரிக்குள் அதனை 6.5 சதவிகிதமாக உயர்த்தியது. 2025 இல் மீண்டும் படிப்படியாகக் குறைத்தது. வீட்டுக் கடன் வாங்கியவர்களின் தவணை இவ்வேற்ற இறக்கத்தோடு அசைந்ததை நம் அங்கத்தினர் சிலர் நேரில் உணர்ந்திருப்பர்.

வரத்து ஏன் சுருங்குகிறது?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். நகரைச் சுற்றிலும் நிலம் பரந்து கிடக்க, மனைக்கு மட்டும் பஞ்சம் வருவானேன்? நிலம் வேறு, மனை வேறு. பருத்தி வேறு, நூல் வேறு என்பது போன்றதே இது. சாலையும் வடிகாலும் குடிநீரும் மின்சாரமும் முறையான அனுமதியும் சேர்ந்தாலன்றி நிலம் மனையாவதில்லை. இவற்றுள் ஒன்று தாமதித்தாலும் வரத்து தடைப்படும்.

ஓர் ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். அது 100 சென்ட். அதில் சாலைகளுக்கு 30 சென்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய மனைப்பிரிவுகளில், சாலை நீங்கிய பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா முதலிய பொது உபயோகத்திற்கு விட வேண்டும். அது 7 சென்ட். விற்பதற்கு எஞ்சுவது 63 சென்ட். உழவரிடமிருந்து சென்ட் ஒரு லட்சம் ரூபாய் வீதம் வாங்கிய நிலமாயின், அடக்க விலையே மனையில் சென்டுக்கு 1,58,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அனுமதியும் சாலை வேலையும் முடிய இரண்டு ஆண்டுகள் ஆகி, முதலீட்டுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி ஏறினால், அதே சென்ட் ஏறக்குறைய இரண்டு லட்சமாகிறது. எவரும் ஒரு ரூபாய் இலாபம் எடுக்கு முன்னரே விலை இருமடங்காகிவிட்டது. சாலை போடும் செலவு இன்னும் இதில் சேரவில்லை. காலதாமதமும் ஒரு செலவே என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

அனுமதி என்னும் ஏற்பாடே வேண்டாம் என்று சிலர் இதனால் முடிவு கட்டலாம். அது தவறு. அனுமதியற்ற மனைப்பிரிவுகளில் வாங்கியவர்கள் சாலையின்றியும் வடிகாலின்றியும் பட்ட துன்பம் சிறிதன்று. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. பின்னர் 2017 இல் வரன்முறைப்படுத்தும் விதிகளை அரசு வெளியிட்டது. அத்தடைக்குப் பின்னர், அனுமதி பெற்ற மனைக்கும் பெறாத மனைக்கும் உள்ள வேற்றுமையை மக்கள் நன்கு உணர்ந்தனர். வேண்டுவது, விதியைக் கைவிடுதலன்று. விதிப்படி நடப்பவர்க்கு அனுமதி விரைவில் கிடைத்தலே.

வரிகளும் கட்டணங்களும் விலையின் மீது ஏறி அமர்கின்றன. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதமும் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதமும் ஆயின. 12 லட்சம் ரூபாய் மனைக்கு இவை 1,08,000 ரூபாய். சிமெண்டு மீதிருந்த சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 இலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது வரவேற்கத்தக்கது. சொந்த மனையில் கட்டுவோர்க்கு அதன் ஆதாயம் நேராகக் கிட்டும். கட்டிய வீட்டை வாங்குவோர்க்கு எவ்வளவு கிட்டும் என்பது, விற்போரிடையே போட்டி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. வரத்து குறுகிய ஊரில் விற்பவர் விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தேவை வேறு, கிராக்கி வேறு

பசித்தவன் எல்லோரும் உணவு விடுதிக்குக் கிராக்கியாவதில்லை. கையில் காசுள்ளவனே கிராக்கியாகிறான். வீட்டிற்கும் இஃது ஒக்கும். இந்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவொன்று, 2012 ஆம் ஆண்டில் நாட்டின் நகரங்களில் 1 கோடியே 87 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. இவற்றுள் சுமார் ஒன்றரைக் கோடி, இடமின்றி நெருக்கடியில் வாழும் குடும்பங்களைப் பற்றியது. பற்றாக்குறையில் நூற்றுக்கு 95க்கு மேற்பட்ட பங்கு, பொருளாதாரத்தில் நலிந்தோரையும் குறைந்த வருவாயுள்ளோரையுமே சார்ந்தது. இம்மதிப்பீட்டுக்கு ஓராண்டு முன்னர் எடுத்த 2011 கணக்கெடுப்பின்படி, அதே நகரங்களில் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன!

ஒருபுறம் வீடில்லாத குடும்பங்கள். மறுபுறம் குடும்பமில்லாத வீடுகள். இம்முரண்பாட்டிற்குக் காரணம் யாது? கட்டப்படும் வீடு தேவையைப் பின்பற்றுவதில்லை, பணத்தைப் பின்பற்றுகிறது. உபரிப் பணமுள்ளவர் பொன்னை வாங்கிப் பெட்டியில் வைப்பது போல வீட்டையும் மனையையும் வாங்கிப் பூட்டி வைக்கின்றனர். அவர் குடியிருக்க வாங்கவில்லை. நாளை ஏறப்போகும் விலைக்காக வாங்குகிறார். எனினும் இன்றைய சந்தையில், குடியிருக்க வருபவரோடு அவரும் போட்டியிடுகிறார்.

கைத்தறித் தொழிலாளரின் நிலையை இங்கே பொருத்திப் பார்ப்போம். 2019–20 இல் நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, கைத்தறித் தொழிலாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருமானம் உடையவை. மேலே கண்ட 15,500 ரூபாய்த் தவணையை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டி ஒன்றிரண்டு சதவிகிதம் குறைவதால் இக்குடும்பங்கள் வீட்டுச் சந்தைக்குள் நுழைந்துவிட முடியாது. சந்தை விலைக்கு வாங்க இயலாதவருக்கு, சந்தைக்கு வெளியே ஓர் ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

நெசவாளர்க்கு மற்றொரு சங்கடமும் உண்டு. பிறர்க்கு வீடு உறங்குமிடம். நெசவாளர்க்கு அது தொழிற்கூடமும் ஆகும். குழித்தறி அமைக்கத் தரைத் தளம் வேண்டும். பாவை விரித்துச் சீர்செய்யத் தெருவின் நீளம் வேண்டும். மூன்றாம் மாடியில் அடுக்கு வீடு மலிவாகக் கிடைப்பினும் அவருக்குப் பயனில்லை. ஆகவே நிலம் அதிகம் வேண்டுகிற, ஆனால் நிலத்திற்குக் கொடுக்கப் பணம் குறைவாக உள்ள ஒரு வகுப்பார் அவர். மனை விலை ஏற்றம் அவரைத் தாக்குவது போல் பிறரைத் தாக்குவதில்லை.

வாடகை சொல்வது என்ன?

விலை ஏறிக்கொண்டே போகும், இன்று வாங்காவிட்டால் என்றும் வாங்க முடியாது என்னும் அச்சம் பலரை அவசரக் கிரயத்தில் தள்ளுகிறது. இவ்வச்சத்தைச் சோதிக்க ஒரு வழியுண்டு. அது வாடகையைப் பார்ப்பது. வாடகைக்கு எடுப்பவர் குடியிருக்கவே எடுக்கிறார். ஆதலின் வாடகை உண்மையான தேவையைக் காட்டுகிறது. விலையிலோ தேவையோடு எதிர்பார்ப்பும் கலந்திருக்கிறது.

30 லட்சம் ரூபாய் வீடு ஒன்று மாதம் 7,500 ரூபாய் வாடகைக்குப் போகிறதெனக் கொள்வோம். ஆண்டு வாடகை 90,000. முதலுக்கு அது நூற்றுக்கு 3. அதே வீட்டை 9 வட்டிக் கடனில் வாங்குபவர், மீதி 6 சதவிகிதத்தை எதை நம்பிச் செலவிடுகிறார்? விலை ஏறும் என்பதை நம்பியே. ஏறாவிடின் அது நட்டம். வாடகைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அகல அகல, அவ்விலை எதிர்பார்ப்பின் மீது நிற்கிறது என்று அறியலாம்.

எதிர்பார்ப்பு பொய்த்த நிகழ்ச்சிகள் உண்டு. அமெரிக்காவில் 2006 வரை ஏறிய வீட்டு விலை, அதன் பின் வீழ்ந்து, 2012க்குள் நாடு முழுவதும் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. திருப்பிச் செலுத்த இயலாதவர்க்கும் வரைமுறையின்றிக் கொடுத்த கடனே அவ்வேற்றத்தையும் வீழ்ச்சியையும் விளைத்தது. நம் அருகிலேயே, ஸ்ரீபெரும்புதூரில் 2006 இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் நின்றது. ஒரே தொழிற்சாலையை நம்பி வாடகை வீடு கட்டுவதன் அபாயத்தை அந்நிகழ்ச்சி காட்டியது. வேலையோடு வரும் கிராக்கி, வேலையோடு போய்விடவும் கூடும்.

உழவரின் பக்கம்

இவ்வளவும் வாங்குவோரைப் பற்றியது. விற்பவர் யார்? நகரின் எல்லையில் மனையாகும் நிலம் பெரும்பாலும் உழவரின் நிலமே. ஆகவே நம் சங்கங்களில், விலை ஏற்றத்தால் வருந்துபவரும் அதனால் பயன் பெறுபவரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கின்றனர். இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

எனினும் உழவர் பெறும் பயன் எவ்வளவு? அவர் ஏக்கர் கணக்கில் ஒருமுறை விற்கிறார். சாலை வந்து, மனைப்பிரிவாகி, சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும்போது அந்நிலம் அவர் கையில் இல்லை. அவசரத் தேவைக்காகவோ, கிணறு வற்றியதாலோ விற்றவர் பின்னர் அதே நிலத்தில் ஒரு மனை வாங்க முடியாத நிலையை நம் ஊர்களிற் காணலாம். நெசவாளர் அதிக விலை கொடுக்கிறார். உழவர் குறைந்த விலை பெறுகிறார். இடையிலுள்ள வேறுபாட்டில் சாலை, அனுமதி, வட்டி ஆகியவை நியாயமான ஒரு பங்கு. எஞ்சியது, காத்திருக்க வல்லவர் அடையும் ஆதாயம்.

இவ்வேறுபாட்டைக் குறைக்கப் பிற இடங்களில் இரு வழிகள் கையாளப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் 1960 இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றி, முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1966 இல் இயற்றிய சட்டத்தால் அரசாங்கம் நிலத்தைக் குறைந்த ஈட்டுத்தொகைக்கு எடுத்துக்கொண்டது. இன்று அந்நாட்டுக் குடிமக்களில், அங்கு வாழும் தமிழர் உட்பட, ஏறக்குறைய ஐந்தில் நால்வர் கழக வீடுகளில் வாழ்கின்றனர். வரத்தைப் பெருக்கினால் எளியோர்க்கும் வீடு எட்டும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதன் செலவில் ஒரு பகுதியை நிலவுடைமையாளர் தாங்கினர் என்பதையும் மறக்கலாகாது. கொள்ளை நோய்க் காலத்தில் கட்டட வேலை தாமதித்தபோது, 2021 என்னும் ஒரே ஆண்டில் அங்கும் கழக வீடுகளின் மறுவிற்பனை விலை நூற்றுக்கு 12க்கு மேல் ஏறியது. வரத்து தடைப்பட்டால், திட்டமிட்ட நாட்டிலும் விலை ஏறுகிறது.

மற்றொரு வழி குஜராத்தில் வழங்குவது. 1915 ஆம் ஆண்டுப் பம்பாய் நகரமைப்புச் சட்டத்தில் வேர்கொண்டு, 1976 ஆம் ஆண்டுக் குஜராத் சட்டத்தால் தொடரும் ஏற்பாடு அது. ஒரு பகுதியிலுள்ள நிலங்கள் அனைத்தையும் ஒன்றாகக் கருதிச் சாலையும் பொது இடமும் வகுக்கின்றனர். ஒவ்வொருவரும் தம் நிலத்தில் ஒரு பங்கை அதற்காக விடுகின்றனர். எஞ்சியது ஒழுங்கான மனையாக அவரிடமே திரும்பி வருகிறது. ஆமதாபாத் நகரின் பல பகுதிகள் இவ்விதம் உருவானவை. இதில் உழவர் நிலத்தை இழப்பதில்லை; பரப்பு குறைகிறது, மதிப்பு பெருகுகிறது, அம்மதிப்பு அவர் கையிலேயே நிற்கிறது.

சங்கங்கள் செய்யக்கூடியவை

1844 இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், கம்பளி நெசவாளர் பலரை உள்ளிட்ட 28 பேர் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினர் என்பதை நாம் பலகாலும் பேசுகிறோம். அவர்கள் வகுத்த நோக்கங்களில், அங்கத்தினர் குடியிருக்க வீடுகள் அமைப்பதும், வேலையற்ற அங்கத்தினர் பயிரிட நிலம் வாங்குவதும் அடங்கியிருந்தன என்பதைப் பலர் நினைப்பதில்லை. வீடும் நிலமும் நம் இயக்கத்திற்குப் புதிய வேலைகளல்ல. தொடக்கத்திலேயே ஏற்ற வேலைகள். நம் நாட்டிலும், 1953 இல் ஆலைத் துணி மீது விதித்த கூடுதல் தீர்வையால் அமைந்த கைத்தறி நிதி, நெசவாளர் குடியிருப்புகள் அமைக்கவும் உதவியது. நெசவாளர் காலனி என்னும் பெயர் நம் ஊர்கள் பலவற்றில் இன்றும் வழங்குவதை அங்கத்தினர் அறிவர்.

மேலே கண்டவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றே. கடன் கிராக்கியைப் பெருக்கும்; மனை வரத்தைப் பெருக்கும். வரத்தைப் பெருக்காமல் கடனை மட்டும் பெருக்கும் சங்கம், தன் அங்கத்தினரையே ஒருவரோடொருவர் ஏலம் கேட்க வைக்கிறது. ஆகவே நிர்வாக சபைகளின் ஆலோசனைக்குச் சில யோசனைகளைக் கூறுகிறோம்.

முதலாவது, வீடு வேண்டுவோர் எத்தனை பேர், எவ்வளவு பரப்பு வேண்டும், மாதம் எவ்வளவு செலுத்த வல்லவர், தறிக்கு இடம் வேண்டுமா என்பவற்றைப் பதிவு செய்து வைத்தல் வேண்டும். தேவையின் அளவை அறியாத சங்கம் தரகர் சொல்லும் அளவையே நம்ப வேண்டிவரும்.

இரண்டாவது, மனையைச் சில்லறையாக வாங்காமல், நிலத்தை மொத்தமாகவும் முன்னதாகவும் வாங்குதல். சாலையும் தொழிற்சாலையும் வந்த பின்னர் வாங்குபவர், வந்ததற்கான விலையையும் சேர்த்தே கொடுக்கிறார். நூலை மொத்தமாக வாங்குவதில் சங்கம் காணும் ஆதாயம் நிலத்திலும் உண்டு.

மூன்றாவது, நிலமுள்ள அங்கத்தினரையும் நிலமற்ற அங்கத்தினரையும் ஒரே திட்டத்தில் சேர்த்தல். உழவர் நிலத்தைக் கொடுத்து, கிரயத்தின் ஒரு பகுதியை ரொக்கமாகவும் மற்றொரு பகுதியைச் செப்பனிட்ட மனைகளாகவும் பெறலாம். நாளைய விலை ஏற்றத்தில் அவருக்கும் பங்கு இருக்கும். சங்கத்திற்கும் தொடக்கத்தில் வேண்டும் முதல் குறையும். நன்செய்யை விட்டுத் தரிசையும் மேட்டையும் தேர்தல் இதில் முக்கியம். வீட்டுக்காக விளைநிலத்தை இழப்பது, மூன்றாவது தேவைக்காக முதலாவதை விற்பதாகும்.

நான்காவது, சங்கத்தின் வழியே பெற்ற மனை, ஆதாயத்திற்காகக் கைமாறும் சரக்காகிவிடாமல் காத்தல். விற்க நேர்ந்தால் முதலில் சங்கத்திற்கே நியாய விலையில் விற்க வேண்டும் என்னும் நிபந்தனையைச் சட்ட ஆலோசனை பெற்றுத் துணைவிதியிலும் பத்திரத்திலும் சேர்க்கலாம். குறித்த காலத்திற்குள் கட்டாத மனையைத் திரும்பப் பெறும் விதியும் வேண்டும். இவ்வேலிகள் இன்றேல், இன்று மலிவாகக் கொடுத்த மனை நாளை சந்தையில் நின்று வேறோர் அங்கத்தினரை ஏமாற்றும்.

ஐந்தாவது, அவசரம் தவிர்த்தல். கிரயம் பேசு முன்னர் மனைப்பிரிவின் அனுமதியையும் வில்லங்கத்தையும் பார்ப்பதோடு, அவ்விடத்தின் வாடகையையும் விசாரித்தறிய வேண்டும். வாடகை சொல்லாத கதையை விலை மட்டும் சொன்னால், சற்றுப் பொறுப்பதே அறிவு.

இவை யாவும் ஓராண்டில் நிறைவேறுவன அல்ல. வீட்டின் வரத்து தாமதமாகவே வரும் என்பதை நாம் முன்னரே கண்டோம். அக்காரணத்தாலேயே இன்று தொடங்குதல் வேண்டும். தனித்து நிற்கும் நெசவாளர் விலையைக் கொடுப்பவராகவும், தனித்து நிற்கும் உழவர் விலையை ஏற்பவராகவுமே இருப்பர். இருவரும் ஒரே சங்கத்தில் அமர்ந்து பேசும்போதுதான் விலையைப் பேசுபவர் ஆவர். வருகின்ற மகாசபைக் கூட்டத்தில், கடன் தொகையை உயர்த்தும் தீர்மானத்தோடு, நிலம் தேடும் குழு ஒன்றை அமைக்கும் தீர்மானத்தையும் ஒவ்வொரு சங்கமும் கொண்டுவருமாயின், அதுவே நற்றொடக்கம் ஆகும்.